ஈரல் நோயும் இல்லற அமானிதமும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த பெற்றோர்களே, இளம் சகோதர சகோதரிகளே!

நிகாஹ் நாளில் நாம் மஹரைப் பற்றிப் பேசுகின்றோம். வலீமாவைப் பற்றிப் பேசுகின்றோம். ஆனால் அந்த உடன்படிக்கையின் கனம் வெளிப்படுவது, இருவரில் ஒருவர் நீண்ட நோயில் விழுகின்ற நாளில்தான். நோய்கள் பலவிருக்க, இன்று முற்றிய ஈரல் நோயைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. அது நோயாளியின் உடலை மட்டும் வருத்துவதில்லை. அவருடைய புத்தியைத் தடுமாறச் செய்கின்றது. ஊரில் அவருடைய பெயரையும் சந்தேகத்துக்குள்ளாக்குகின்றது. உடல், புத்தி, மானம் ஆகிய இம்மூன்றையும் ஒருசேரக் காக்க வேண்டிய பொறுப்பு அவருடைய வாழ்க்கைத் துணையின் தோளில் விழுகின்றது.

இப்பொறுப்புக்கு எமது வரலாற்றில் ஓர் ஒளிவிளக்கு உண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 624இல், முஸ்லிம்கள் பத்ருக்குப் புறப்பட்டார்கள். அவ்வேளை உஸ்மான் (ரழி) அவர்களின் மனைவியும் நபிகளாரின் அருமை மகளுமான ருகையா (ரழி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். மனைவியைக் கவனிப்பதற்காக மதீனாவிலேயே தங்குமாறு நபியவர்கள் மருமகனைப் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் ஃகனீமத்தின் பங்கும் அவருக்கும் உண்டென்று உறுதியளித்தார்கள். பல்லாண்டுகளின் பின்னர், எகிப்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒருவர், உஸ்மான் (ரழி) பத்ருக்கு வராமையை ஒரு குறையாக எடுத்துப் பேசினார். அப்போது இப்னு உமர் (ரழி) அவர்களே இச்செய்தியை எடுத்துரைத்து அவருடைய ஐயத்தைப் போக்கினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தியாகும்.

சிந்தித்துப் பாருங்கள். இஸ்லாத்தின் முதற் பெரும் போர். வந்தவர்களோ முந்நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட அந்நாளில், ஒரு கணவர் தம் மனைவியின் படுக்கையருகே இருப்பது அப்போருக்கு ஈடான பணியாகக் கணிக்கப்பட்டது. எனவே, “அவருடைய மனைவிக்குச் சுகமில்லையாம், அதற்காகப் பள்ளிக்கும் வராமல் வீட்டிலேயே இருக்கிறாரே” என்று முகஞ்சுளிப்பவர்கள், அந்த எகிப்தியரின் இடத்தில்தான் நிற்கின்றார்கள். நோயுற்ற மனைவியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடமை முடிந்ததென்று திரும்பிவரும் கணவர்களும் இச்சரித்திரத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நீண்டகாலம் புண்பட்ட ஈரலில் மெல்ல மெல்லத் தழும்பு பரவி, அது இறுகிச் சுருங்கிவிடும் நிலையையே வைத்தியர்கள் சிரோசிஸ் என்கின்றார்கள். அது முற்றும்போது கண்கள் மஞ்சளிக்கும், வயிற்றில் நீர் கோக்கும், கால்கள் வீங்கும், தசை கரையும், உணவுக்குழாயின் அடியில் நரம்புகள் புடைத்து இரத்தம் கசியும்.

“குடித்தவருக்குத்தானே இது வரும்?” என்ற கேள்வி எமது ஊர்களில் உடனே எழுகின்றது. மது இந்நோய்க்கு ஒரு பெருங் காரணம் என்பது உண்மையே. மார்க்கம் அதனை ஹராமாக்கியதன் ஞானமும் அதில் தெரிகின்றது. ஆயினும் அது ஒன்றே காரணமன்று. ஈரலழற்சி பி, சி வைரசுகள், உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோய்கள், பரம்பரைக் கோளாறுகள், எல்லாவற்றுக்கும் மேலாக நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்துவரும் கொழுப்பு ஈரல் ஆகியனவும் இதே முடிவுக்குக் கொண்டுசெல்ல வல்லவை. இலங்கையில் ராகமப் பகுதியில் 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், மதுவினால் ஏற்படாத கொழுப்பு ஈரல் நூற்றுக்கு 32.6 பேரிடம் காணப்பட்டது. கொழுப்பு ஈரலுள்ள எல்லோருக்கும் சிரோசிஸ் வருவதில்லை. எனினும் ஒரு சொட்டு மதுவும் தீண்டாத உம்மாமாரும் வாப்பாமாரும் இந்நோயால் படுக்கையில் விழுவது எப்படியென்பதற்கு இதுவே விடை.

ஆகவே மஞ்சளித்த கண்ணைக் கண்டு “இரகசியமாகக் குடித்திருப்பார்” என்று பேசுவது, அல்குர்ஆன் ஸூரத்துல் ஹுஜுராத்தில் கண்டிக்கும் வீண் சந்தேகமும் புறம்பேசுதலுமாகும். உண்மையில் ஒருவர் குடித்தே நோயுற்றிருந்தாலும், அவர் தௌபாவின் வாசலில் நிற்கும் நோயாளி. அவருடைய கணக்கு அல்லாஹ்விடம் உள்ளது. எமது கடமை அவருக்குப் பணிவிடை செய்வது.

கணவன் மனைவியரை ஒருவருக்கொருவர் ஆடை என்று அல்குர்ஆன் (2:187) வர்ணிக்கின்றது. ஆடை மானத்தை மறைக்கும். குளிரிலும் வெயிலிலும் உடலைக் காக்கும். ஊராரின் வாய்க்கு அஞ்சி நோயையே மறைத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பது ஆடையின் பணியன்று. ஊராரிடம் சொல்ல வேண்டியதில்லை என்பதை ஊராரிடம் சொல்லாதிருங்கள். வைத்தியரிடம் எதனையும் மறைக்காதீர்கள். நோய்க்குக் காரணம் ஈரலழற்சி பி வைரசு என்றால், வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இரத்தப் பரிசோதனை செய்து, தேவையெனில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எமது நாட்டில் இத்தடுப்பூசி 2003ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கான தேசிய அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தோர் பலருக்கு அது கிடைத்திராது. சவர அலகையும் பற்தூரிகையையும் பகிர்ந்துகொள்ளலாகாது. ஆனால் ஒரே சஹனில் உண்பதாலோ ஸலாம் சொல்லிக் கைகொடுப்பதாலோ அது தொற்றுவதில்லை. அவருடைய கோப்பையை வேறாக்கி அவர் மனதைப் புண்படுத்தாதீர்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இனி நான் சொல்லப்போவதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

உடலில் உண்டாகும் அமோனியா போன்ற நச்சுப் பொருட்களை வடிகட்டிச் சுத்தப்படுத்துவது ஈரலின் வேலை. ஈரல் தளரும்போது அந்நச்சு இரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகின்றது. பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சுக் குழறுதல், கையெழுத்துக் கோணலாதல், நீட்டிய கைகள் பறவையின் இறக்கைபோல் படபடத்தல், காரணமின்றிச் சினத்தல், வீட்டாரையே அடையாளம் தெரியாமற் பேசுதல் ஆகியன அதன் அடையாளங்கள். சிரோசிஸ் நோயாளிகளில் நூற்றுக்கு 30 முதல் 40 பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் இந்நிலைக்கு ஆளாகின்றார்கள்.

நாற்பது வருடம் கடிந்து ஒரு சொல் பேசாத கணவர் திடீரென்று தட்டை வீசியெறிகின்றார். ஐவேளையும் தொழுத மனைவி ரக்அத்தை மறந்து நிற்கின்றார். வீட்டார் என்ன நினைக்கின்றார்கள்? “குணம் மாறிவிட்டது” என்கின்றார்கள். “சூனியம் வைத்துவிட்டார்கள், ஜின் பிடித்துவிட்டது” என்கின்றார்கள். இது குணமுமன்று, சூனியமுமன்று. மூளையை எட்டிய நஞ்சு. மலச்சிக்கல், கிருமித் தொற்று, உள்ளே இரத்தக் கசிவு, உடலில் நீர் வற்றுதல், தூக்க மாத்திரை ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் அதனைத் தூண்டியிருக்கும். காரணத்தைக் கண்டு உரிய சிகிச்சை அளித்தால் பலர் ஓரிரு நாட்களிலேயே தெளிவடைகின்றார்கள். தாமதித்தால் மயக்கமுற்று உயிருக்கே ஆபத்தாகும். ஓதிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் அதே நபியவர்கள்தான். வைத்தியசாலைக்குச் செல்லும் வாகனத்தில் இருந்தவாறே ஓதுங்கள். ஓதி முடித்த பின் போகலாமென்று இரவைக் கழிக்காதீர்கள்.

இந்நிலையைத் தடுக்க வைத்தியர்கள் லக்டுலோஸ் எனும் பாணி மருந்தைக் கொடுக்கின்றார்கள். நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை இளகிய மலம் போவதே அதன் நோக்கம். அதன் வழியே நஞ்சு வெளியேறுகின்றது. வுழு முறிந்துவிடுமே என்று வெள்ளிக்கிழமைகளில் அதனைக் குடியாது விடுவோர் உண்டு. நோயாளிக்கு ஜும்ஆ கடமையன்று. வீட்டில் ளுஹர் தொழுதால் போதும். பள்ளிக்குச் செல்ல ஆசைப்பட்டால் மருந்தை விடாமல், அதன் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என வைத்தியரிடம் கேளுங்கள்.

இதனோடு தொடர்புடைய மற்றுமொரு விடயமுண்டு. சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டும். புத்தி தடுமாறிய நிலையில் கணவர் வாயிலிருந்து தலாக் என்ற சொல் வந்துவிட்டால் என் செய்வது? புத்தி நீங்கியவரின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து; அறிவை இழந்த நிலையில் சொன்ன தலாக் நிகழாதென்பதே மார்க்க அறிஞர்களின் அடிப்படை நிலைப்பாடு. ஆனால் அவர் எந்த அளவில் இருந்தார் என்பதை வீட்டுத் திண்ணையில் தீர்மானிக்கலாகாது. அக்கம்பக்கத்தாரிடம் அதைப் பரப்பாமல், வைத்தியரின் கடிதத்துடன் தகுதிவாய்ந்த ஆலிமை அணுகுங்கள். தேவைப்படின் காழியிடம் செல்லுங்கள். அந்நிலையில் காணி உறுதியிலோ வங்கிப் பத்திரத்திலோ கையொப்பம் வாங்குவது அமானித மோசடியாகும். மோட்டார் சைக்கிள் ஓட்டவும் தனியே படகேறவும் அவரை விடாதீர்கள்.

அடுத்து, அன்றாடப் பராமரிப்பு. மன்னார்க் கரையில் வாழும் எமக்கு இதில் பெருஞ் சோதனை உப்பாகும். கருவாடு எமது கரையோரத்தின் செல்வம். ஆயின் வயிற்றில் நீர் கோத்தவருக்கு ஒரு துண்டுக் கருவாடும் பாரமாகிவிடும். உப்பு உடலில் நீரைத் தேக்கி வைக்கும். நாள் முழுவதற்குமான உப்பு ஒரு மட்டமான தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் அளவைத் தாண்டலாகாது. அச்சாறு, அப்பளம், சூப் கட்டி, கடையில் வாங்கும் பொரியல் வகை யாவும் அதில் அடங்கும். தேசிக்காய்ப் புளி, இஞ்சி, உள்ளி, மிளகு, கறிவேப்பிலை ஆகியவற்றால் சுவை கூட்டலாம். அவருக்கு வேறு சட்டி வைத்து, தாம் கருவாட்டுக் குழம்பு உண்பதைவிட, வீட்டார் எல்லோரும் உப்பைக் குறைத்து அவரோடு உண்பது எத்துணை ஆறுதல்! உப்புக்கு மாற்றாகக் கடைகளில் விற்கும் பொட்டாசியம் உப்பை வைத்தியரைக் கேளாமல் வாங்காதீர்கள். நாள்தோறும் காலையில் எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். சில நாட்களுக்குள் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக்குக்கு அறிவியுங்கள்.

ஈரல் நோயாளிக்கு மீனும் முட்டையும் ஆகாதென்பது பழைய எண்ணம். இன்று வைத்தியர்கள், தசை கரையாதிருக்கப் புரதம் போதிய அளவு தேவையென்றே கூறுகின்றார்கள். உப்பிடாத புது மீன், முட்டை, பருப்பு, தயிர் கொடுக்கலாம். இரவு நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் உடல் தன் தசையையே எரிக்கும். ஆதலால் படுக்கும் முன் ஒரு சிற்றுணவு அவசியம். இக்காரணத்தினாலேயே ஈரல் நோய் முற்றியவருக்கு ரமழான் நோன்பு பெரும் ஆபத்தாகின்றது. அல்லாஹ் நோயாளிக்குச் சலுகை அளித்திருக்கின்றான். குணமாகும் எதிர்பார்ப்பில்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். “எல்லோரும் நோற்கும்போது நான் மட்டுமா?” என்று அவர் கலங்குவார். ரப்பின் சலுகையை ஏற்பதும் வணக்கமே என்று அவரிடம் எடுத்துச் சொல்வது துணையின் கடமை.

நோவுக்கு டைக்ளோபினக், இபுபுரூபன் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தக் கசிவைத் தூண்டும். பெனடோலைக்கூட வைத்தியர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். நாட்டு மருந்தோ கசாயமோ கொடுத்திருந்தால் வைத்தியரிடம் ஒளிக்காதீர்கள். கடலோடு வாழும் சகோதரர்களுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை: வெப்பக் கடல்நீரில் வாழும் சில கிருமிகள் ஈரல் நோயாளியை மின்னல் வேகத்தில் தாக்க வல்லவை. அவர் காலில் புண்ணிருந்தால் கடலில் இறங்கலாகாது. மட்டியும் சிப்பியும் நன்கு வேகாமல் உண்ணலாகாது.

இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்று நோவு, எழுப்பினாலும் தெளியாத உறக்கம் ஆகிய நான்கையும் மனனம் செய்துகொள்ளுங்கள். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. வெள்ளாங்குளம் போன்ற ஊரில் வாழ்பவருக்குத் தெற்கே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்வதும் நெடுந்தூரப் பயணமே. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் வடக்கே பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்கும் செல்ல முடிகின்றது. எந்த வழி, யாருடைய வாகனம், கிளினிக் கொப்பியும் மருந்துப் பட்டியலும் எங்கே என்பவற்றை நோய் முற்றும் முன்பே தீர்மானித்து வையுங்கள். 1990 என்ற எண் வடபுல முஸ்லிம்களுக்கு இடம்பெயர்ந்த ஆண்டின் துயரத்தை நினைவூட்டுவது. இன்று அதே எண்ணே சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் அழைப்பெண். 2018 முதல் வடமாகாணத்துக்கும் அது வருகின்றது.

அந்த இடம்பெயர்வு பராமரிப்பிலும் ஒரு வடுவை விட்டிருக்கின்றது. 2009இற்குப் பின் மன்னாருக்கு மீண்ட குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் புத்தளத்திலும் பெற்றோர் இங்குமாக வாழ்கின்றார்கள். எனவே வயது முதிர்ந்த ஒரு துணை, நோயுற்ற மற்றத் துணையைத் தனியே தாங்குகின்றது. இளைஞர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். அரசாங்க வைத்தியசாலைகளில் ஆண்களின் வாட்டில் இரவு தங்க உங்கள் உம்மாவால் பொதுவாக இயலாது. அந்த இரவுகளுக்கு முறைவைத்து வாருங்கள். கிளினிக் நாளில் அழைத்துச் செல்லுங்கள். வாரத்தில் ஓர் இரவேனும் அவரைப் பொறுப்பேற்று, உம்மாவை நிம்மதியாக உறங்க விடுங்கள். இரவில் விழித்திருக்கும் நோயாளியோடு தானும் விழித்திருப்பவர் சில மாதங்களில் தாமே நோயாளியாவார். உடலுக்கும் எம்மீது உரிமையுண்டென்று நபியவர்கள் கற்பித்திருக்க, உறங்குவதும் உதவி கேட்பதும் பொறுமையின்மை ஆகாது. நாங்கள் “பொறுமையாயிருங்கள்” என்று சொல்லிவிட்டு எழுந்து போவதைவிட, ஒரு நேரச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது மேலானது. பள்ளிவாசல் நிர்வாகத்தார் ஸகாத்திலிருந்தும் ஸதகாவிலிருந்தும் தகுதியுள்ள நோயாளியின் பயணச் செலவுக்கும் மருந்துக்கும் வழிசெய்யலாம்.

மாற்று ஈரல் பொருத்துவது சிலருக்கே வாய்க்கும் வழி. எமது நாட்டில் ராகம வைத்தியசாலையில் இச்சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. உயிருள்ள ஒருவர் தம் ஈரலின் ஒரு பகுதியை அளித்தால், இருவரிடத்தும் அது மீண்டும் வளர்கின்றது. எனினும் கொடுப்பவருக்கும் அது ஆபத்தற்றதன்று. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. கொடுப்பது ஒருவருடைய மனமொப்பிய தானமாக இருக்க வேண்டும். “நீ மனைவிதானே, கொடு” என்று நெருக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை. கொடுக்க இயலாத துணை அன்பில் குறைந்தவருமல்லர்.

இறுதியாக ஒன்று. ருகையா (ரழி) அவர்கள் அந்நோயிலிருந்து எழவில்லை. பத்ரின் வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய வேளையில் அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் உஸ்மான் (ரழி) அவர்களின் கூலி குறைக்கப்படவில்லை. எனவே, தாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் துணை தேறவில்லையே என்று உள்ளம் உடைந்திருப்பவர்களே, “நான் எங்கோ தவறிவிட்டேன்” என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். சுகமளிப்பது அல்லாஹ்வின் கையில் உள்ளது. உப்பைக் குறைத்து ஆக்கிய சோறும், இரவில் மாற்றிய விரிப்பும், சினந்து பேசியவருக்குச் சினவாமல் கொடுத்த பாணி மருந்தும் அவனிடம் வீணாவதில்லை. நோய் முற்றிவிட்டால் வஸிய்யத்து, கடன், அமானிதம் ஆகியவற்றைப் புத்தி தெளிவாயுள்ள நாளிலேயே பேசி முடித்து, வலியின்றி வைத்துக்கொள்ள வைத்தியரின் உதவியை நாடுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்கு உடல் வலிமையையும், உள்ளத்தில் கனிவையும், ஈருலகிலும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.